நகர்த்தப்பட்டிருக்கலாம்

இருநூற்று நாற்பத்து மூன்று படங்கள்,
நூற்று எண்பத்தாறு பக்கங்கள்,
காலை ஒன்பதுக்குக் கூலிம் நில அலுவலகத்தில் மனு.
இப்போது இரவு பதினொன்று பத்து.
பாடாங் செராயில் என் போட்டோஸ்டாட் கடைக்கதவு
பாதி இறங்கியிருக்க,
குனிந்து உள்ளே வந்தாள் புஷ்பலீலா,
குடியிருப்போர் குழுச் செயலாளர்.
கையில் மூன்று தே ஓ, முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகளில்.
மூன்றாவது யாருக்கென்று நான் கேட்கவில்லை.

திரையில்
படம் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பெட்டி,
மூலையில் சிவப்பாய் ஒரு பெருக்கல் குறி,
பக்கத்தில் ஒரு வாசகம்:
இணைத்த படத்தைக் காட்ட முடியவில்லை.
கோப்பு நகர்த்தப்பட்டிருக்கலாம்,
பெயர் மாற்றப்பட்டிருக்கலாம்,
அழிக்கப்பட்டிருக்கலாம்.

அவள் உரக்கப் படித்தாள்.
இன்னொரு முறை, குரலைத் தாழ்த்தி.
"நம்ம லயத்தப் பத்தி இதுக்கு யாரு சொன்னா?"

சிரிக்க நேரமில்லை. குற்றம் என்னுடையது.
என் பழைய கணினிக்குப் படங்களை உள்ளே வைத்தால் மூச்சு முட்டும்.
அதனால் படங்கள் வெளியே ஒரு கோப்புறையில்,
ஆவணத்துக்குள் அவற்றின் முகவரி மட்டும்.
இரண்டே எம்பி. காற்றடித்தால் பறந்துவிடும்.
நேற்று மாலை, ஒழுங்காக இருக்கட்டுமென்று,
ஹாவ்டன் தோட்டம் என்றிருந்த கோப்புறையை
தாமான் செம்பாக்கா இண்டா ஆக்கினேன்.
கம்பெனி நாலு வருஷமாகச் செய்த வேலை,
எனக்கு ஒரே சொடுக்கு.

ஆல்ட்டையும் எஃப் ஒன்பதையும் சேர்த்து அழுத்தினேன்.
பெட்டிகள் போய் முகவரிகள் எழுந்து நின்றன,
நெளிந்த அடைப்புக்குறிகளுக்குள் ஒவ்வொன்றும்
கூரை கழற்றிய வீடு மாதிரி.
பழைய பெயரைத் தேடு, புதியதை வை. எல்லாவற்றிலும்.
இருநூற்று நாற்பத்திரண்டு மாற்றங்கள், என்றது கணினி.
ஒன்று குறைகிறது.
அப்புறம் பார்ப்போம்.

படங்கள் வந்தன, ஆனால் அளவை மறந்து வந்தன.
எட்டு சென்டிமீட்டரில் அடக்கி வைத்திருந்த சுவர் விரிசல்
பக்கம் முழுக்கக் கிழிந்து ஓடியது.
ராஜமாணிக்கம் வீட்டுக் கழிப்பறை
பக்கத்து வீட்டுக் குறிப்பை மிதித்துக்கொண்டு நின்றது.
பக்கங்கள் முந்நூற்றைத் தாண்டின.
ஒவ்வொன்றாகச் சுருக்கி
வரியோடு வரியாகக் கட்டினேன்,
எழுத்து நகர்ந்தால் படமும் கூடப் போகும்படி.
அவள் திரையைத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள்.
இது இருபத்தொன்பதாம் நம்பர்.
இது மீட்டரப் பிடுங்கின சுவர்.
இது நம்மது இல்ல, பக்கத்து டிவிசன்,
அந்தக் கொய்யா மரம் எனக்குத் தெரியும்.

இரண்டே முக்காலுக்கு எழுபத்தொன்றாம் பக்கத்தில் நின்றோம்.
பதினேழாம் நம்பர், வேதமுத்து வீடு.
எழுத்துப் பிழை விட்டிருப்பேனென்று
கோப்புறையை மேலும் கீழும் தேடினேன்.
"தேடாத. படமே எடுக்கல" என்றாள்.
"புல்டோசர் வந்தது செவ்வா. நாங்க கேமராவோட போனது பொதன்.
பெட்டிய நீதான் போட்ட, எடம் இருக்கட்டும்னு."

அழிக்கப் போனேன், கையைப் பிடித்தாள்.
"இருக்கட்டும். அது சொல்றது சரியாத்தான் இருக்கு."

கடைசி வேலை, இணைப்புகளை முறிப்பது.
முறித்தால்தான் படம் ஆவணத்துக்குள் குடியேறும்,
அதற்குப் பிறகு கோப்புறைக்கு எவன் என்ன பெயர் வைத்தாலும் சரி.
பதினேழை மட்டும் முறிக்கவில்லை.
அது தேடிக்கொண்டே இருக்கட்டும்.

இரண்டு எம்பி நானூற்றுப் பன்னிரண்டு ஆனது.
மின்னஞ்சல் ஏற்க மறுத்தது.
அச்சடித்து இரண்டு கட்டாகக் கட்டினோம்.
பக்கத்துக்கு இருபது காசு என்று
கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டேன்.

கதவைத் தூக்கியபோது
சாலையில் செம்பனை லாரி ஒன்று மட்டும்.
கட்டுகளைக் கூடையில் வைத்தாள், மோட்டார் கொஞ்சம் தாழ்ந்தது.
ஆறிப்போன மூன்றாவது பையை
ஹேண்டிலில் மாட்டிக்கொண்டாள்.
அப்போதும் நான் கேட்கவில்லை.